வாரண்ட் இல்லாமல் எடுத்த முப்பத்தொரு கைபேசிகள்

இன்ஸ்பெக்டர் கடைக்குள் வந்தபோது, அந்த செல்போன் மெக்கானிக் உடைந்த கண்ணாடி ஒன்றைச் சூடுகாட்டிப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நிற்கவில்லை. நின்றால் பசை ஆறிவிடும்.

"அரசு ஆஸ்பத்திரி நர்ஸோட போன் எது?"

"எதுக்கு சார்?"

"பத்திரிகைக்குப் படம் அனுப்பினது யாருன்னு பாக்கணும். திறந்து, உள்ள இருக்கிறதை இதுல ஏத்திக் குடு. அஞ்சு நிமிஷ வேலை." மேசையில் ஒரு பென் டிரைவை வைத்தார்.

பிரசவ வார்டில் கூரை ஒழுகி, கட்டிலுக்கடியில் தண்ணீர் தேங்கிய படங்கள் போன வாரம் ஊரையே கொதிக்க வைத்திருந்தன.

"வாரண்ட் இருக்கா சார்?"

"போனுக்கெல்லாம் வாரண்டா? இது என்ன வீடா?"

"வீட்டுல ஒளிச்சு வைக்காததெல்லாம் இதுலதான் இருக்கு சார். என்னை நம்பிக் குடுத்திருக்காங்க. உங்க போனும் போன மாசம் இங்கதான் கிடந்துச்சு. நான் திறந்து பாத்தேனா?"

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கு அதுதான் பொறுக்கவில்லை. அலமாரியில் இருந்த முப்பத்தொரு கைபேசிகளையும் ஒரு சாக்கில் அள்ளச் சொன்னார். கடைக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றான் கணவன். சொல்லிவிட்டு, வக்கீலான தன் தங்கையை அவனே போனில் கூப்பிட்டான். நாத்தனாரும் அவளும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அரை மணி நேரத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, அந்த ஆளு நர்ஸ் போனை மட்டும் எடுத்திருந்தா, ஏதாவது காரணம் சொல்லித் தப்பிச்சிருப்பார். முப்பத்தொண்ணையும் அள்ளிட்டுப் போய் நமக்கு நல்லது பண்ணிட்டார். வாங்க, போனைப் பறிகொடுத்தவங்களைப் பாத்து எல்லாரையும் சேத்து கேஸ் போடுவோம்."

மூன்று நாள் இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். "எங்களுக்கு எதுக்கு வம்பு?" என்று சிலர் கதவைச் சாத்தினார்கள். பத்தொன்பது பேர்தான் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் விசாரணை நாளில் நீதிமன்றத்துக்கு வந்தவர்கள் இருபத்தெட்டு பேர்.

"தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

பின்வரிசையில் ஒரு டாக்சி ஓட்டுநர் எழுந்தார். பேசலாம் என்று நீதிபதி தலையசைத்தார்.

"நான் ஒரு தப்பும் செய்யலைங்க. எனக்கு மூலம். டாக்டருக்கு அனுப்ப எடுத்த படம் அந்த போன்ல இருக்கு. ஸ்டேஷன்ல எத்தனை பேர் பாத்தாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

மன்றம் குலுங்கிச் சிரித்தது. ஓட்டுநர் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார்.

நீதிபதி அன்றே தீர்ப்புச் சொன்னார். குடிமகனின் வீட்டு வாசலில் அரசியலமைப்பு போட்ட கோடு அவன் கைபேசிக்கும் உண்டு. ஆணையில்லாமல் அதைத் தாண்ட அரசுக்கு அதிகாரம் இல்லை. அந்தச் சாக்கிலிருந்து எடுத்த எதையும் யார்மீதும் பயன்படுத்தக் கூடாது. கைபேசிகளை இன்ஸ்பெக்டரே உரியவர்களிடம் நேரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைக்கு வைத்த சீலையும் அகற்ற வேண்டும்.

நாத்தனார் மேசைக்கடியில் அண்ணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கடை வாசலில் தெருவே கூடிவிட்டது. சீலை உடைத்து ஷட்டரைத் தூக்கியதும், இன்ஸ்பெக்டர் வியர்த்து வழிய ஒவ்வொரு பெயராகப் படித்தார். கடைசியாக நர்ஸ் வந்து, நொறுங்கிய கண்ணாடியோடு தன் கைபேசியை வாங்கினாள். நேராக உள்ளே போய் மேசையில் வைத்தாள்.

"இதை எப்பக்கா குடுப்பீங்க?"

"இங்கயே உக்காரும்மா. இருபது நிமிஷம்."

வெளியே யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். தெரு முழுக்க அது பரவியது.