தர்ம லீவு

விடிவதற்கு முன்பே சலவை ஆலைக்குள் கண் எரியத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரி மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டும்போது எழும் நாற்றம் ஒரு பக்கம், வெளுப்பு மருந்தின் நெடி ஒரு பக்கம், பாய்லரிலிருந்து குழாய் வழியே சீறிக்கொண்டு வரும் ஆவி ஒரு பக்கம். இரத்தம் பட்ட விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். எண்ணெயும் களிம்பும் பட்டதை வெந்நீரில் போட வேண்டும். மாற்றிப் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும், கூலியிலும் பிடித்துக்கொள்வார்கள். நனைந்த விரிப்புகளைத் தொட்டியிலிருந்து வண்டிக்கு அள்ளி மாற்றும்போது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருக்கும். கடைசியில் சுடு உருளை. ஈரத்துணி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மொடமொடவென்று ஆவி பறக்க வெளியே வரும். அதை விரல் நுனியால் பிடித்து இழுக்க வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு விரல் நுனியில் தோல் இருப்பதே ஒரு பேச்சுக்குத்தான்.

வெடுக்கு அந்த உருளையடியில் நிற்பவள். வீட்டில் வைத்த பேர் வேறு. யார் என்ன சொன்னாலும் பதிலை வெடுக்கென்று மூஞ்சியில் எறிகிறவள் என்பதால் இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இத்தனை வருஷமாக அவளுக்கு எதிர்முனையில் நின்றவள் பெரியக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் ஒரே துணியின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் நோக்கி நடந்து நடந்து, கூடப் பிறந்தவர்களுக்கு ஒரு படி மேலே ஆகிவிட்டவர்கள். இந்த வருஷம் பெரியக்காவின் முழங்கால்கள் கைவிரித்துவிட்டன. பென்ஷன் வரும், அறை வாடகைக்கு ஆகும், மிச்சத்தில் ஒரு வேளையாவது சாப்பிடலாம் என்று நம்பி வேலையை விட்டாள். வாடகை பாக்கி கேட்ட வீட்டுக்காரனிடமும் அதையே சொல்லித் தவணை வாங்கியிருந்தாள்.

அந்த ஆலையில் வருஷத்துக்கு ஒருமுறை தர்ம லீவு உண்டு. பேர் வைத்தது தொழிலாளிகள்தான், அதுவும் நன்றியோடு. முதலாளி அதைக் குடும்ப நாள் என்பார். அன்றைக்கு ஆலை பூட்டியிருக்கும். முதல்நாள் சாயங்காலம் எல்லாரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு இனிப்புப் பொட்டலமும் ஒரு கவரும் கொடுப்பார். கவருக்குள் கொஞ்சம் பணம் இருக்கும். கூடவே ஒரு பேச்சும் உண்டு. அது இனிப்பைவிடத் திகட்டும்.

“நாட்டுல கிழடுகட்டைங்க கூடிப்போச்சு. உழைக்கறவன் குறைஞ்சுட்டான், உக்காந்து திங்கறவன் பெருகிட்டான். பென்ஷன் நிதி வத்திக்கிட்டே வருதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. இலவசம் இலவசம்னு குடுத்து ஜனங்கள சோம்பேறி ஆக்கிட்டாங்க. அதனால சர்க்காரை நம்பாதீங்க. என்னை நம்புங்க.”

இதைச் சொன்ன வாய்க்குச் சொந்தக்காரர் ஆலை கட்ட வாங்கிய கடனில் பாதியை அதே சர்க்கார் தள்ளுபடி செய்திருந்தது. மின்சாரம் அவருக்குச் சலுகை விலை. அதற்குப் பேர் இலவசம் இல்லை, ஊக்கத்தொகை. அவருடைய அப்பா ஏதோ ஓர் இலாகாவில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் பென்ஷன் வீடு தேடி வரும். அவரை யாரும் உட்கார்ந்து தின்கிறவர் என்று சொன்னதில்லை. அவர் மூத்த குடிமகன். கிழடுகட்டை என்பது துணி துவைத்து வயதானவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்த சொல்.

பேச்சு முடிந்ததும் கைதட்டுவதில் பாய்லர்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆலைக்கு முதலில் வந்து கதவைத் திறந்து பாய்லரை மூட்டுகிறவர் அவர். சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். “தங்கமான மனுஷன்ப்பா. கேக்காமலே லீவு குடுக்கறாரு, எவன் குடுப்பான்?” என்று வருஷம் தவறாமல் உருகுவார். வெடுக்கு மட்டும் என்ன வாழ்ந்தாள்? அவளும் அந்தக் கவரை வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டவள்தான்.

பெரியக்காவைக் கைத்தாங்கலாகப் பென்ஷன் ஆபீசுக்குக் கூட்டிப் போனது வெடுக்குதான். அரைநாள் கூலி போனது. சுவரில் ஒரு தாத்தாவும் பாட்டியும் பல் வரிசை தெரியச் சிரிக்கும் படம். கீழே ‘முதுமையில் நிம்மதி’ என்று கொட்டை எழுத்து. அதன் கீழே மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“உங்க சர்வீஸ் ஒரு வருஷம்கூட ஆகலையேம்மா.”

பெரியக்கா சிரித்துவிட்டாள். “நல்லாப் பாரு கண்ணு. நான் சேரும்போது என் தலையில ஒரு நரை கிடையாது.”

“வருஷா வருஷம் உங்கள வேலையிலேருந்து நிறுத்திட்டு, மறுநாள் புதுசா சேத்திருக்காங்க. அறுபடாம ஒரு வருஷம் வேலை செஞ்சாதான் அந்த வருஷம் கணக்குல ஏறும். முதலாளியும் தன் பங்கைக் கட்டணும். நடுவுல அறுந்துட்டா அவர் ஒண்ணும் கட்ட வேண்டாம். உங்க கூலியில பிடிச்சது மட்டும் உங்க கைக்கே திரும்பி வந்துடும். வந்திருக்குமே?”

“எங்க வந்துச்சு? எதுவும் வரல” என்றாள் பெரியக்கா.

வெடுக்கு மட்டும், “எந்த நாள்ல நிறுத்தறாங்க?” என்று கேட்டாள். அந்தப் பெண் தேதியைச் சொன்னாள். குடும்ப நாள்.

வெடுக்குக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. தங்கள் கூலியில் பிடித்த காசையே கவரில் போட்டு, மேலே நாலு இனிப்பை வைத்து, வள்ளல் மாதிரி நீட்டியிருக்கிறான். வேலையிலிருந்து தூக்கிய நாளுக்கு இவர்கள் தர்மம் என்று பேர் சூட்டி, வரிசையில் நின்று நன்றி சொல்லியிருக்கிறார்கள். உலகத்தில் எந்த மடையனும் செய்யாத வேலை. அவன் திருடியதைவிடத் தாங்கள் கைதட்டியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“எல்லா ஆலையிலயும் இதான் நடக்குது” என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. “அன்னிக்கு வேலை இல்லைன்னு அவங்க சொல்றாங்க. அன்னிக்கும் நீங்க வேலை செஞ்சிருந்தா வேற பேச்சு, சர்வீஸ் அறுந்ததா காட்ட முடியாது.”

வெளியே வரும்போது வெடுக்கு அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். “இவங்க ரெண்டு பேரும் எந்த ஆலையில வேலை பாத்தாங்களாம்?” என்று கேட்டாள்.

அன்று மத்தியானமே இருவரும் முதலாளியின் அறைக்குள் போனார்கள். உள்ளே குளிர்ந்த காற்று. பாய்லர்காரர் ஏதோ குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொல்ல வந்து கைகட்டி நின்றிருந்தார்.

“அக்கா சர்வீஸ் ஒரு வருஷம்கூட ஆகலையாம். குடும்ப நாளன்னிக்கு நாங்க உங்களுக்கு யாரு, முதலாளி?” என்று கேட்டாள் வெடுக்கு.

அவர் மழுப்புவார் என்று நினைத்தாள். அவர் மழுப்பவில்லை, அலுத்துக்கொண்டார். “ஓ, ஆபீசுக்குப் போய்ட்டு வந்தீங்களா? சட்டத்துல இது தப்புன்னு எங்கயாச்சும் இருக்கா? எல்லாருக்கும் பங்கு கட்டினா நான் ஆலைய மூடிட்டுப் போகவேண்டியதுதான். அந்த நிதியே காலியாகிட்டு இருக்கு, நியூஸ் கேக்கறதில்லையா?”

“குழாய நீங்களே அடைச்சு வெச்சுட்டு தொட்டியில தண்ணி இல்லைன்னா எப்படி?”

“வாய் ரொம்ப நீளுது உனக்கு.” முதலாளி பெரியக்காவின் பக்கம் திரும்பினார். குரலில் தேன் வடிந்தது. “உனக்குக் கஷ்டம்னா சொல்லு. மாசா மாசம் வந்து கேளு, என்னால ஆனத தர்மம் பண்றேன்.”

பெரியக்கா அந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை. இப்போது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் வலி ஒரு காரணம். “எனக்கு தர்மம் வேண்டாம். என் வருஷத்தக் குடுங்க” என்றாள்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. ஆதரவுக்கு ஆள் தேடிப் பாய்லர்காரரைப் பார்த்தார். “நீயே சொல்லுப்பா. நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?”

பாய்லர்காரர் ஓரடி முன்னால் வந்தார். “அப்போ... நானும் ஒரு வருஷம்கூட ஆகாத ஆள்தானா முதலாளி?”

“பின்ன, உனக்கு மட்டும் தனிச் சட்டமா?”

பாய்லர்காரர் ஒழுகும் குழாயைப் பற்றி மறுபடி எதுவும் சொல்லவில்லை. வெளியே போய்விட்டார்.

விஷயம் அன்றைக்கே ஆலை முழுக்கப் பரவியது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளுக்கு நடுவில் எல்லாரும் கூடினார்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள். ஸ்ட்ரைக் பண்ணலாம் என்றாள் ஒருத்தி.

“வேலைக்கு வராம இருந்தா அவனுக்குத்தான் கொண்டாட்டம்” என்றாள் வெடுக்கு. “வரலன்னு எழுதி அறுத்து விட்டுடுவான். லீவு அன்னிக்கு வேலைக்கு வருவோம்.”

“லீவுல வேலையா? கேக்கறவன் சிரிக்க மாட்டான்?”

“சிரிக்கட்டும். இத்தனை வருஷம் நம்மளப் பாத்து அவன் ஒருத்தன்தானே சிரிச்சான்.”

“கதவு பூட்டியிருக்குமே அக்கா?”

எல்லாருடைய கண்ணும் பாய்லர்காரரிடம் போனது. அவர் தள்ளி உட்கார்ந்து நகத்திலிருந்து கரியை நோண்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டு எழுந்து போனார். “அந்தாளை நம்பினா நாம நடுத்தெருவுலதான்” என்றான் தொட்டியடி வேலைக்காரன் ஒருவன். வெடுக்குக்கும் அப்படித்தான் பட்டது.

வழக்கம்போல குடும்ப நாளுக்கு முந்தின சாயங்காலமும் வந்தது. வரிசை, பொட்டலம், கவர், கிழடுகட்டைகள், வற்றும் நிதி, எல்லாம் அப்படியே. கைதட்டல் மட்டும் இல்லை. வெடுக்கின் முறை வந்தபோது கவரைப் பிரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “எங்க காசுதான். பத்திரமா வெச்சிருந்து குடுத்ததுக்கு நன்றி முதலாளி” என்றாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி அவசரமாக அடுத்த கவரை நீட்டினார்.

மறுநாள் விடியும்போது வெடுக்கு தெருமுனையில் திரும்பினாள். கும்பலாகப் போய்ப் பூட்டிய கதவின் முன்னால் அவமானப்பட்டு நிற்கப்போகிறோம் என்றுதான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள். ஆலையின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. பாய்லர்காரர் வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே!” என்றாள் வெடுக்கு.

“என்ன பாக்கற? சூடேற நேரம் எடுக்கும்ல. உள்ள போங்க, உள்ள போங்க” என்று சிடுசிடுத்தார் அவர்.

சிலர் வரவில்லை, பயம். வந்தவர்கள் அதிகம். பெரியக்காவும் வந்தாள். நிற்க முடியாததால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்தாள். யாரும் மேய்க்காமல், யாரும் அதட்டாமல், அன்றைக்கு வேலை பறந்தது.

வெயில் ஏறிய பிறகு முதலாளியின் கார் வந்தது. செய்தி சொல்ல யாரோ ஒரு புண்ணியவான் போயிருக்கிறான்.

“யாரு உங்கள வேலை செய்யச் சொன்னது?”

“சோம்பேறியா ஆயிட்டோம்னு நீங்கதானே வருத்தப்பட்டீங்க” என்றாள் வெடுக்கு, விரிப்பை விடாமல்.

“இன்னிக்கு உங்களுக்கு இங்க வேலை இல்ல. நீங்க யாரும் என் ஆளே இல்ல. வெளிய போங்க, இல்லாட்டி போலீசைக் கூப்பிடுவேன்!”

“கூப்பிடுங்க. துணி துவைச்ச குத்தத்துக்குப் பிடிச்சிட்டுப் போகட்டும்.”

அவர் பாய்லர் பக்கம் திரும்பிக் கத்தினார். “டேய், அதை அணைடா!”

பாய்லர்காரர் கைகட்டவில்லை. “நான்தான் இன்னிக்கு உங்க ஆள் இல்லையே. நீங்க சொல்லி நான் எப்படிக் கேக்கறது?” என்றார்.

சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றது. முந்தின நாளே வெடுக்கு டிரைவரிடம் சொல்லிவைத்திருந்தாள். டிரைவர் இறங்கி அடுக்கி வைத்த விரிப்புகளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார்.

“அங்க படுக்கைக்குப் போட விரிப்பு இல்லாம திண்டாடறாங்க. ஏத்தட்டுமா, வேணாமா?”

வேண்டாம் என்றால் ஆஸ்பத்திரி அடுத்த வாரம் வேறு ஆலைக்குப் போய்விடும். ஏற்று என்றால் இன்றைக்கு இந்த ஆலை வேலை செய்திருக்கிறது என்று அவர் வாயாலேயே ஆகிவிடும். ஒரு பக்கம் பேராசை, இன்னொரு பக்கமும் பேராசை. நடுவில் அவர் திணறுவதை எல்லாரும் கைவேலையை நிறுத்திவிட்டு ஆசையாகப் பார்த்தார்கள்.

“ஏத்து” என்றார் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல். பிறகு திரும்பினார். “இத வெச்சு ஒண்ணும் கிழிச்சுட முடியாது. நான் கேஸ் போட்டா, அது முடியறதுக்குள்ள உங்க ஆயுசு முடிஞ்சுடும்.”

“பரவால்ல முதலாளி” என்றாள் பெரியக்கா, உறையின் மூலையை நீவியபடி. “நாங்கல்லாம் ரொம்ப நாள் உசிரோட இருக்கோம்கறதுதானே உங்க கவலையே.”

அவர் காருக்குள் ஏறி வக்கீலுக்குப் போன் போட்டார். எதுவும் கைக்கு வந்துவிடவில்லை. பெரியக்காவின் வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரன் சொன்ன கெடு அப்படியேதான் இருந்தது. நாளைக்கு ஆலைக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கலாம். ஆனாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நாளை எல்லாருமாகப் பென்ஷன் ஆபீசுக்குப் போவதென்றும், பெரியக்காவை முன்னால் உட்காரவைப்பதென்றும் மூட்டை ஏற்றிக்கொண்டே முடிவு செய்தார்கள்.

வேன் கதவைச் சாத்திய டிரைவர் வெடுக்கின் அருகில் வந்தார். “நீங்க இன்னிக்கு வேலை செய்யறத வர்ற வழியில சொன்னேன். ஆத்தங்கரை ஆலையில வேலை செய்யறவங்க உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வரச் சொன்னாங்கம்மா. அடுத்த வாரம் அவங்களுக்கும் குடும்ப நாளாம். நீங்கல்லாம் எப்படி உள்ள போனீங்கன்னு தெரியணுமாம்.”

வெடுக்கு வாயைத் திறப்பதற்குள் பாய்லர்காரர் முந்திக்கொண்டார்.

“அங்க பாய்லர் மூட்டறவன் யாருன்னு கேட்டு வைங்க” என்றார். “அவன்கிட்ட நான் பேசிக்கறேன்.”