குட்டி வாலு யாரு?

ஒன்றும் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளைகள் வருகிற கதை என்றாலே யாருக்கு என்ன ஆகுமோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறவர்கள் உண்டு. இதில் எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூடப் படவில்லை. ஆனால் அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் மேடம் பட்ட பாடு இருக்கிறதே, அது நாய் படாத பாடு.

மேடம் என்றால் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் இயக்குநர். நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஐந்து பணியாளர்கள், மூன்று அறைகள், ஒரு சமையலறை. ஆயாவாகச் சேர்ந்து, டீச்சராகி, பத்து வருஷத்தில் அந்த நாற்காலிக்கு வந்தவர். நாற்காலிக்கு வந்தாரே தவிர, அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குழாய் ஒழுகினாலும் அவர்தான், குழந்தை கடித்தாலும் அவர்தான், காய்ச்சல் வந்தாலும் அவர்தான். யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "நான் பாத்துக்கறேன்." பணியாளர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயரே "பாத்துக்கறேன் மேடம்". அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

இந்த வருஷம் காப்பகத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது புது நிபந்தனை ஒன்று வந்தது. இயக்குநராக இருப்பவர் தலைமைப் பயிற்சி மூன்று நாள் முடித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அது இல்லை என்றால் மாதக் கடைசியோடு கதவைப் பூட்டிவிட வேண்டியதுதான். அடுத்த பயிற்சி ஆறு மாதம் கழித்து. ஆகவே மேடத்துக்கு வேறு வழியில்லை.

"மூணு நாள் நான் இல்லேன்னா அங்க என்ன ஆகும்?" என்று வீட்டில் புலம்பினார்.

"ஒண்ணும் ஆகாது. நான் இருபத்தஞ்சு வருஷமா உன்கூட இருக்கேன், எனக்கு ஏதாவது ஆச்சா?" என்றார் கணவர். அதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

பயிற்சி கொடுக்க வந்தது மேடத்தைவிடப் பத்து வயது சின்னப் பெண். முதல் நாளே ஒரு படிவத்தைக் கொடுத்தாள். அதில் ஒரு வரி: "நான் இல்லாதபோது என் பொறுப்பை ஏற்பவர்." எதிரே கோடு. எல்லோரும் எழுதினார்கள். மேடம் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, "யாரும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கடைசி நாள் நாலு மணிக்குள்ள இதுல ஒரு பேர் வேணும் மேடம். கூடவே உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயத்தை எல்லாம் எழுதி, அந்த ஆள் கையில குடுத்திருக்கணும். அதுதான் பரீட்சை."

மேடம் எழுத ஆரம்பித்தார். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. அறுபத்து மூன்று விஷயம். எந்தப் பிள்ளையைத் தாய்மாமனோடு அனுப்பக் கூடாது, எந்தப் பிள்ளைக்கு எந்தப் போர்வை இல்லாவிட்டால் தூக்கம் வராது, பின்பக்கத் தாழ்ப்பாளை எப்படித் தூக்கிப் போட்டால் விழும்... கடவுளே, ஒரு மனுஷி இவ்வளவையும் மண்டைக்குள் வைத்துக்கொண்டா நடமாடினாள்! இதில் பாதியையாவது சுவரில் எழுதி ஒட்டியிருக்கலாம். எனக்குத் திட்டத்தான் தோன்றுகிறது, ஆனால் அவர் அந்த மூன்று நாளில் போதுமான அளவு திட்டு தன்னிடமே வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பட்டியலை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். இருப்பவர்களில் மூத்தவர் "நிதானம்". சின்னப் பிள்ளைகள் அறையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறவர். மேடத்துக்கும் முன்னாலேயே வந்தவர். ஒரு ஜோடி செருப்பை எடுத்து வைப்பதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் மேடம் மூன்று அறையையும் பெருக்கிவிடுவார். அதனால் வந்த பெயர். மேடம் நேரில் "அக்கா" என்பார், மனதுக்குள் "நிதானம்" என்றுதான் ஓடும்.

"அக்கா, இதுல எல்லாம் எழுதியிருக்கேன். இன்னிக்கு நீங்கதான் பொறுப்பு."

"நானா?"

"வேற யாரு இருக்கா?" என்றார் மேடம். மரியாதையாகச் சொன்ன மாதிரி அது ஒலிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அம்மா கையில் பெரிய டின்னோடு வந்தாள். அவள் மகனுக்குப் பிறந்தநாள். வேர்க்கடலை பிஸ்கட், வீட்டிலேயே செய்தது. மூன்றரை மணிக்குப் பிள்ளைகள் தூங்கி எழுந்ததும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றாள். மேடம் வாங்கிச் சமையலறையில் வைத்தார். நடு அறையில் இருக்கும் ஒரு மூன்று வயதுப் பெண்ணுக்குக் கடலை ஆகாது. ஒரு துண்டு வாயில் பட்டால் முகமெல்லாம் வீங்கி மூச்சு முட்டும். அது மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். கடலை வரும் நாளில் எல்லாம் பக்கத்தில் நின்று, அந்தக் குழந்தை தட்டில் மட்டும் வேறு பிஸ்கட்டை அவரே கையால் வைப்பார். இப்போதுதான் பட்டியல் இருக்கிறதே! பத்தொன்பதாவது வரி. பயமில்லாமல் கிளம்பினார்.

மத்தியானம் இரண்டேகால். பயிற்சி அறையில் கடைசிப் பாடம். பக்கத்தில் இருப்பவரோடு பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாளை நடத்துவதாக நடிக்க வேண்டும். மேடத்தின் பிரதி, வேறொரு காப்பகத்தின் தலைவரான மீசைக்காரர் கையில் போயிற்று. பத்துப் பதினைந்து வரிகளைத் தலையாட்டிக்கொண்டே படித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"பத்தொம்பது. 'குட்டி வாலுக்கு வேர்க்கடலை ஆகாது.' யாருங்க இது, குட்டி வாலு?"

"அதாங்க, மேஜைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குமே, அந்தப் பொண்ணு. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியலையே?"

"எங்க ஆளுங்க எல்லாருக்கும்..." என்று ஆரம்பித்த மேடத்தின் வாய் அப்படியே நின்றுவிட்டது. போன வாரம் சின்னப் பிள்ளைகள் அறையிலிருந்து ஒரு ஆயா கத்தியது காதில் வந்து மோதியது. "குட்டி வாலு திரும்பவும் அலமாரி மேல ஏறிட்டான்!"

ஏறிட்டான். ஏறிட்டாள் இல்லை.

அங்கே அவர்களுக்கு ஒரு குட்டி வாலு இருக்கிறான். பையன். அவன் தட்டில் வேறு பிஸ்கட்டை வைத்துவிட்டு, அந்தப் பெண் குழந்தை கையில் கடலை பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் மேடம் எழுத்து மூலம் சொன்னபடியே, அட்சரம் பிசகாமல்.

போனை எடுத்துக் காப்பகத்துக்கு அடித்தார். எங்கேஜ். மறுபடி எங்கேஜ். ஏன் என்று யோசித்ததும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் மணி அடிக்கக் கூடாது என்று ரிசீவரைக் கீழே எடுத்து வைக்கச் சொன்னது யார்? மேடம். சரி, பணியாளர்களின் செல்போன்? வேலை நேரத்தில் அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னது யார்? அதுவும் மேடம். அந்தச் சாவி? மேடத்தின் கைப்பையில், கொத்தாக, கனமாக. பிள்ளைகளின் சேர்க்கைப் படிவம்கூட அதே அலமாரியில்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

"நான் போகணும்" என்று எழுந்தார்.

பயிற்சிப் பெண் விஷயத்தைக் கேட்டதும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "போயிட்டு வாங்க மேடம். ஆனா நாலு மணிக்கு நான் இந்தத் தாளை எல்லாம் அனுப்பணும். அப்போ நீங்க இங்க இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"உரிமம் போனா போகட்டும்மா" என்று சொல்லிவிட்டு மேடம் ஓடினார். அப்படிச் சொல்வது அவருக்கு லேசில்லை. பத்து வருஷம் என்றால் சும்மாவா?

டாக்ஸியில் அந்த அரை மணி நேரம் எப்படிப் போயிற்று என்று அவரைக் கேட்காதீர்கள், இன்றைக்கும் சொல்ல மாட்டார். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரின் கழுத்தைப் பிடித்து நெரிக்கத் தோன்றியது என்று மட்டும் சொன்னார். "அம்மா, நான் டாக்ஸிதான் ஓட்டறேன், ஏரோப்ளேன் இல்ல" என்று அந்த ஆள் இரண்டு தரம் சொல்லிவிட்டானாம்.

காப்பகத்தின் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தபோது மணி இரண்டு ஐம்பது. கதவு டமாரென்று சுவரில் மோதியது. நிதானம் தரையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தார். எல்லோரும் தூங்குகிறார்கள். நாற்பத்திரண்டு பேரும்.

"அக்கா, அந்த பிஸ்கட்..." மேடத்துக்கு மூச்சு வாங்கியது. "குட்டி வாலு..."

"வெளியில வாங்க" என்று நிதானம் எழுந்தார். எழுவதற்கு எவ்வளவு நேரம்! மேடத்துக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

தாழ்வாரத்தில் நின்று நிதானம் மடித்து வைத்திருந்த பட்டியலைப் பிரித்தார். "காலையிலேயே இதை நாலு தரம் படிச்சேன் மேடம். ஒரு தரத்துல எனக்குப் புரியாது, உங்களுக்குத் தெரியுமே. பத்தொம்பதுல வந்து நின்னுட்டேன். எங்க ரூம்ல குட்டி வாலுன்னா அந்த அலமாரி ஏறற பையன். நடு ரூம்ல கேட்டேன், அவங்க ஒரு பொண்ணைச் சொன்னாங்க. சமையல்காரம்மாவைக் கேட்டேன். அவங்களுக்குக் குட்டி வாலுன்னா பால் குடிக்க வர்ற பூனையாம். 'பூனைக்குக் கடலை ஆகாதுன்னு மேடம் எதுக்கு எழுதினாங்க?'ன்னு அவங்க என்னைக் கேக்கறாங்க!"

மேடத்துக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

"உங்களைக் கேக்கலாம்னா உங்க நம்பர் இருக்கிற போனெல்லாம் அலமாரியில. படிவத்தைப் பாக்கலாம்னா அதுவும் அலமாரியில. சாவி..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேடத்தின் கைப்பையைப் பார்த்தார்கள்.

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? யாருன்னு தெரியலேன்னா யாருக்கும் குடுக்கக் கூடாது. டின்னைத் திறக்கவே இல்ல. டேப் சுத்தி வாட்ச்மேன் ரூம்ல வச்சுட்டேன். எல்லாருக்கும் வாழைப்பழம். பொறந்தநாள் பையனுக்கு மட்டும் ரெண்டு. பாட்டு எப்பவும்போல பாடிக்கலாம், அதுல கடலை இல்ல பாருங்க."

பக்கத்தில் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்று கிடந்தது. மேடம் அதில் தொப்பென்று உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்தன. "வயித்துல பாலை வார்த்தீங்க அக்கா" என்றார். கண்ணிலிருந்து அதுபாட்டுக்கு வழிந்தது. பதறிய காரியம் சிதறும் என்று பள்ளிக்கூடத்தில் ஆயிரம் தரம் எழுதியிருக்கிறார். சிதறாத காரியம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். அது டேப் சுற்றிய ஒரு டின் மாதிரி இருந்தது.

நிதானம் மெதுவாகக் கேட்டார். "இன்னிக்குக் கடைசி நாள்னு சொன்னீங்களே. சர்டிபிகேட் வாங்கிட்டீங்களா?"

"இல்ல. நாலு மணிக்கு அங்க இருக்கணும். போனா போகுது, விடுங்க. மூணரைக்குப் பிள்ளைங்க எழுந்துடும், நான் பாத்து..."

"மணி மூணுதான் ஆகுது" என்றார் நிதானம். பத்து வருஷத்தில் முதல் தடவையாக மேடத்தின் பேச்சை நடுவில் வெட்டினார். "கிளம்புங்க. நாங்க பாத்துக்கறோம்."

மேடம் பையைத் திறந்து சாவிக் கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"சாயங்காலம் திருப்பித் தரணுமா மேடம்?"

"வேண்டாம். எனக்கு வேற சாவி செஞ்சுக்கறேன். அந்தப் பொண்ணோட படிவத்தை எடுத்து, பேரையும் கடலை விஷயத்தையும் பெருசா எழுதி சமையலறையில ஒட்டிடுங்க. வீட்டுல கூப்பிடற பேர் இல்ல, நாம வச்ச பேர் இல்ல. ரிஜிஸ்டர்ல இருக்கிற பேர். போன் ரிசீவரையும் எடுத்து மேல வச்சிடுங்க."

"மணி அடிச்சா பிள்ளைங்க முழிச்சுக்குமே?"

"முழிச்சுக்கட்டும்."

அதே டாக்ஸிதான் வாசலில் நின்றது. "இப்போ மெதுவாப் போகலாமா?" என்று டிரைவர் கேட்டான். "இல்லப்பா, வேகமாத்தான்" என்றார் மேடம், ஆனால் இந்தத் தடவை பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. மடியில் கைப்பை லேசாக இருந்தது. எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி இரண்டு தரம் தடவிப் பார்த்தார். மூன்றாம் தரம் விட்டுவிட்டார்.

வழியில் நெரிசலில் மாட்டி, மூன்று ஐம்பத்தைந்துக்கு உள்ளே நுழைந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மீசைக்காரர் எழுந்தே விட்டார். "குழந்தை?"

"தூங்குது" என்றார் மேடம். அறை முழுக்க ஒரு பெருமூச்சு கிளம்பியது. பயிற்சிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை நீட்டினாள். "யாரும் இல்லை" என்பதை மேடம் ஒரே கோடாக அடித்தார். அதன் மேலே, யோசிக்காமல், "நிதானம்" என்று எழுதினார்.

மீசைக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இது யாருங்க?" என்றார், சிரித்துக்கொண்டே.

மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் அடித்தார். பன்னிரண்டு வருஷமாகச் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்த அந்தப் பெயரை, முதலெழுத்தோடு, முழுசாக எழுதினார்.