தலை சாய்த்துக் கேட்பவள்

1

இந்தக் கதையை ஒரு கண் ஆஸ்பத்திரியின் சுவரிலிருந்து எடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்குக் கண் காட்டப் போயிருந்தோம். பெஞ்சுக்கு எதிரே ஒரு படம் மாட்டியிருந்தது. மூளையைக் கீழேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று காட்டும் படம். அதன் அடியிலிருந்து இரண்டு பக்கமும் மஞ்சள் இழைகள் கிளம்பின. கபால நரம்புகளாம், பன்னிரண்டு ஜோடி. முதலாவது வாசனைக்கு, இரண்டாவது பார்வைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் வேலை எழுதியிருந்தது. நரம்புக்கு ஒரு பகுதியாகப் பன்னிரண்டு பகுதியில் ஒரு கதை எழுதிவிடலாம் என்று அங்கேயே முடிவுகட்டினேன்.

அப்படி நடக்கவில்லை. பல நரம்புகள் விட்டுப்போயின. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே உள்ள எண்கள் மிஞ்சிய நரம்புகளின் எண்கள்.

முதலாவதற்கு நான் எழுதிய தொடக்கம்: "கடைக்குள் நுழைந்ததும் புதுத் துணியின் கஞ்சி வாசனையும் மிஷின் எண்ணெய் வாசனையும்—"

[அடித்துவிட்டேன். வாசனையோடு தொடங்கும் கதைகளை ஏற்கெனவே யாரோ எழுதிவிட்டது போலவே இருக்கிறது.]

2

பெஞ்சின் மறுமுனையில் ஒருத்தி தலையை வலது தோள் பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவளைத்தான் நான் தையல்காரி ஆக்கினேன். அவளைப் பற்றி எனக்கு உண்மையாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதை எட்டாவதில் சொல்கிறேன். எட்டாவதுதான் காது.

4

தையல்காரி ஒரு திரைச்சீலைக் கடையின் பின்னறையில் தைக்கிறாள். மாடியில் ஓர் அறையில் தனியாகக் குடியிருக்கிறாள். சனிக்கிழமை கடை மூடியபின் அவள் மறுபடி வாய் திறப்பது, திங்கட்கிழமை முதலாளியிடம் "வந்துட்டேண்ணே" என்று சொல்லத்தான். அதற்குள் குரல் கட்டிப்போயிருக்கும். ஒருமுறை கனைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

ஒரு காலை, பாதி தூக்கிய ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டாள். வீக்கம் வற்றியது. ஆனால் குனிந்து பார்த்தால் எல்லாம் இரண்டாகத் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, கொஞ்சம் கோணலாக. நேரே பார்த்தால் ஒன்றுமில்லை; கீழே பார்த்தால்தான் வம்பு. தையல்காரிக்கு நாள் முழுக்கக் கீழேதானே பார்வை. மாடிப்படியில் இறங்கும்போது எது படி, எது வெறும் காற்று என்று காலால் தடவித் தடவி இறங்கினாள்.

அந்த வாரம் குறுக்குக் கோடு போட்ட துணி வந்தது. இரண்டு துண்டுகளைப் பக்கவாட்டில் இணைத்தால் கோட்டோடு கோடு சேர வேண்டும். அவள் ஒரு பக்கத்து நிஜக் கோட்டை மறுபக்கத்துப் பொய்க் கோட்டோடு சேர்த்து, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தைத்து முடித்தாள். முதலாளி அதை மாட்டிப் பார்த்தார். நடுத் தையலில் எல்லாக் கோடுகளும் ஒரு படி இறங்கி நின்றன.

"ஏம்மா, திரை கேட்டா மாடிப்படி தச்சு வெச்சிருக்க" என்றார்.

அவளும் கூடவே சிரித்துவிட்டு, பிரிக்க உட்கார்ந்தாள். கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. கண் கெட்டுவிட்டது என்று சொன்ன தையல்காரியை எந்தக் கடை வைத்துக்கொள்ளும்? பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் தற்செயலாகக் கண்டுபிடித்தாள்: தலையை வலப்பக்கம் சாய்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

[நான்காவது நரம்பு பன்னிரண்டில் மிக மெல்லியது. ஒரே ஒரு தசைக்காகத்தான் இருக்கிறது, கண்ணைக் கீழே இறக்குகிற தசை. மற்ற எல்லாம் முன்பக்கமாகக் கிளம்ப, இது மட்டும் பின்பக்கம் கிளம்பி மூளைத்தண்டைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அதனால் தலையில் அடிபட்டால் சுலபமாக மாட்டிக்கொள்ளும். கூச்சக்காரர்கள் வீட்டின் பின்பக்கமாகச் சுற்றி வருவது எனக்குப் புதிதில்லை. இந்த நரம்பின் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு.]

11

பதினோராவது கழுத்தைத் திருப்புவது, தோளைத் தூக்குவது. நான்காவது கைவிட்ட வேலையை இது இழுத்துப் போட்டுக்கொண்டது. தலை நாள் முழுக்கச் சாய்ந்தே இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். ஆட்கள் அவளிடம் பேச ஆரம்பித்தார்கள்.

முதலில் முதலாளி. அதுவரை நீளம், அகலம் தவிர அவளிடம் எதுவும் பேசாத மனிதர். ஒரு மதியம் துணியைக் கொண்டுவந்து வைத்தவர், போகாமல் நின்றார். சாய்ந்த தலையைப் பார்த்தார். துணிச் சுருளின் மேல் உட்கார்ந்து, தன் மனைவி தன்னோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டதைச் சொன்னார். எழுந்து போகும்போது, "இத்தனை வருஷமா இங்க தைக்கிற. நீ இப்படிக் கேப்பன்னு தெரியாமப் போச்சு" என்றார். அவள் சாய்ந்தது தையலைப் பார்க்க. அவர் கண்டது அக்கறையை.

பிறகு வாடிக்கைக்காரர்கள். ஜன்னல் அளவு சொல்ல வந்த ஒருத்தி, அந்த ஜன்னல் வழியாக யாரைப் பார்க்கக் கூடாது என்பதையும் சொன்னாள். தையல்காரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மாடியேறினாள். சாப்பிடும்போது மட்டும் தலையை நிமிர்த்தி வைத்துக்கொள்வாள். அப்போது தட்டு இரண்டாகும். ஒன்று அவள் முன்னால், இன்னொன்று சற்றுத் தள்ளி, எதிரே ஒருவருக்கு வைத்தது போல.

[ஏழாவது முகத்தைச் சிரிக்க வைப்பது. அந்தத் தட்டைப் பார்த்து அவள் சிரித்தாள் என்று எழுதப் பார்த்தேன். அவ்வளவு தெரிந்தவள் போல எழுத எனக்கு—]

4 (மறுபடியும்)

கழுத்து வலி தாங்காமல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா ஒரு பேனாவை மேலும் கீழும் ஆட்டிக் காட்டிவிட்டு, "கழுத்து வலின்னு வந்திருக்கீங்க. கோளாறு கண்ணுல" என்றார். திரைச்சீலைக் கயிறு கப்பி மேல் ஏறித் திரும்புவது போல, கண்ணுக்குள்ளும் ஒரு கப்பி உண்டாம். அந்தக் கயிற்றை இழுக்கிற நரம்புதான் அடிபட்டிருக்கிறதாம். தானாகவே சரியாகலாம். மாதங்கள் ஆகும். அதுவரை ஒளியை வளைக்கிற பட்டகம் வைத்த கண்ணாடி போட்டால் ஒன்று ஒன்றாகவே தெரியும். வேலைக்குக் கெடுதல் வராது.

"தலைய நேரா வெச்சுக்கலாம்" என்றார்.

"போடலைன்னா?"

"கழுத்து இப்படியே நின்னுடும்."

"தலை நேராயிடுச்சுன்னா..." என்று தொடங்கி நிறுத்தினாள். பன்னிரண்டாவது நரம்பு நாக்கை அசைப்பது. அது அசையவில்லை.

8

சொல்வதாகச் சொன்னேனே, அது இதுதான். அன்று பெஞ்சில் என் அம்மா அந்தச் சாய்ந்த தலைக்காரியிடம் பேசினாள். முன்பின் தெரியாதவளிடம், நான் பக்கத்தில் இருப்பதையே மறந்தது போல.

"பொண்ணு படிப்ப விட்டுட்டு வீட்டோட இருக்கா. ஒரு வார்த்த பேச மாட்டா. ரெண்டு பேரு இருக்கோம்னுதான் பேரு."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முதலாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மனப்பாடமானது அப்படித்தான்.

12

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

கண்ணாடி போட்டுக்கொள்கிறாள். முதலாளி வருகிறார், நேரான தலையைப் பார்க்கிறார், அளவை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்.

கண்ணாடி பெட்டியிலேயே இருக்கிறது. கழுத்து அப்படியே நின்றுவிடுகிறது. எல்லோரும் பேசுகிறார்கள், அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மூன்றாவது: கண்ணாடி போட்டு, தலையை நேராக வைத்து, முதலாளி கிளம்பும் முன் அவளே கேட்கிறாள். "அப்புறம் என்னாச்சுண்ணே?"

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. நடக்குமா என்று சற்று முன் சோதித்துப் பார்த்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் கேட்க வாய் வரவில்லை. அதனால் முதலில் தலையைச் சாய்த்தேன்.

அம்மா பார்த்தாள். "கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்றாள். தைலத்தை எடுத்துவந்து அழுத்தித் தேய்த்துவிட்டாள். கை சூடாக இருந்தது. நான் கேட்க வேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி துணி மடிக்கப் போனாள்.

எழுதும்போது இன்னும் கழுத்தில் தைலம் மணக்கிறது. முதலாவது நரம்புக்கும் கடைசியில் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

மூன்றாவது முடிவை அடிக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. கண்ணாடிப் பெட்டி தையல் மிஷினின் மேல் இருக்கிறது. முதலாளி துணியோடு வந்துகொண்டிருக்கிறார். பக்கத்து அறையில் அம்மா இன்னும் மடித்து முடிக்கவில்லை.

தையல்காரி என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்லுங்கள். நான் தலையை நேராக வைத்துக்கொண்டு கேட்கப் பார்க்கிறேன்.