படைத்தலைவனின் கோணல் முத்திரை

சீனாவின் பாவ்ஜி நகரத்தில் பழைய வெண்கல முத்திரைகளைப் படித்துச் சொல்ல நிங் ஷூவைத்தான் கூப்பிடுவார்கள். அன்று போலீஸ் ஒரு முத்திரையைக் கொண்டுவந்தது. அதை விற்கப் போய் மாட்டிக்கொண்டவன் தெங் கே. அவள் தினமும் காலையில் நூடுல்ஸ் சாப்பிடும் கடையை நடத்தும் பாய் லியனின் புருஷன். ஊரில் ஆப்பிள் கன்று நடக் குழி வெட்டியபோது கிடைத்ததாம். நிஜமான பழம்பொருள் என்றால் சிறை. போலி என்றால் அபராதத்தோடு போய்விடும்.

"தெரிஞ்சவங்க சார். வேற யாரையாவது போடுங்க" என்று தன் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"சொந்தமா?"

"இல்ல. அவங்க கடையில சாப்பிடுவேன்."

"அந்தக் கடையில சாப்பிடாதவன் இந்த ஊர்ல எவன்? அப்படிப் பார்த்தா ஜட்ஜையும்தான் மாத்தணும்."

மறுநாள் பாய் லியன் கிண்ணத்தை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். மிளகாய் எண்ணெய் வழக்கத்தைவிடத் தாராளமாக மிதந்தது.

"அக்கா, அது போலின்னுதான் வக்கீலும் சொல்றாரு. எழுத்தெல்லாம் கோணல்மாணலா இருக்காமே. அரசாங்க முத்திரையை எவனாவது அப்படிச் செதுக்குவானா?"

"பாத்துட்டுத்தான் சொல்ல முடியும், லியன்."

"பாருங்க. ஆனா எங்க வீட்டு மனுஷனுக்குத் தன் பேரையே ஒழுங்கா எழுத வராது. அவரு என்னத்தக் கண்டாரு?"

நிங் ஷூவால் பாதிக் கிண்ணத்துக்கு மேல் இறக்க முடியவில்லை.

முத்திரையைக் களிமண்ணில் அழுத்தினாள். சுமார் ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஹான் அரசின் கடைசிக் காலத்து எழுத்து. 'படைப்பிரிவுத் தலைவன் முத்திரை.' வக்கீல் சொன்ன கோணல்தான் அவளைப் பயமுறுத்தியது. போர்க்களத்தில் அவசரமாகப் பதவி கொடுப்பார்கள். நிதானமாக எழுத்தை வார்க்க நேரமிருக்காது. வெற்று முத்திரையில் உளியால் தட்டிக் கொடுத்துவிடுவார்கள். நிஜமானவை அப்படித்தான் இருக்கும்.

கோணலையும் பார்த்துச் செய்கிற போலிக்காரர்கள் உண்டே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஓர் எழுத்தில் உளி சறுக்கியிருந்தது. அந்தச் சறுக்கலுக்குள்ளும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. பூசிய பச்சை என்றால் ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சை நனைத்துத் துடைத்தாள். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. இன்னொரு பஞ்சு. கொஞ்சம் பச்சை ஒட்டாதா என்று அழுத்தித் தேய்த்தாள். ஒட்டவில்லை.

முத்திரையைச் சோதித்துச் சொல்லும் குழுவில் அவளைத் தவிர இன்னும் இரண்டு பேர். ஒருவர் கோணலைப் பார்த்துப் போலி என்று எழுதியாயிற்று. மற்றவர் போனில், "நீங்க எழுதறதையே நானும் எழுதிடறேன்மா, உங்களுக்குத்தானே தெரியும்" என்றார்.

போலி என்று எழுதப் பேனாவை எடுத்தாள். கண் படித்துவிட்டதை எப்படிப் படிக்காததாக்குவது? கடைசியில் உண்மையையே எழுதினாள். தண்டனையாவது குறையட்டும் என்று, இந்த வகை நிறையக் கிடைப்பது, விற்றவன் விவரம் தெரியாதவன் என்று கீழே ஒரு வரி சேர்த்தாள்.

"முத்திரையைப் பத்தி மட்டும் எழுதுங்க மேடம்" என்று போலீஸ் அதிகாரி அந்த வரியை அடித்துவிட்டார்.

மற்றவரும் அவள் எழுதியதையே எழுதினார். தெங் கேவுக்கு மூன்று வருடச் சிறை.

நீதிமன்ற நடையில், விலங்கோடு போன தெங் கே அவளைக் கண்டு நின்றான். கோபம் இல்லை.

"அதுல என்னதான் எழுதியிருந்துச்சுங்க?"

"படைப்பிரிவுத் தலைவன் முத்திரைன்னு."

"யாரு?"

"பேரு இல்ல. பதவி மட்டும்தான்."

"ஓ" என்றான். காவலர் இழுத்துக்கொண்டு போனார்.

பின்னாலேயே பாய் லியன் கம்பளிச் சட்டை ஒன்றை மார்போடு அணைத்தபடி ஓடி வந்தாள். கதவருகே இருந்த காவலர் அதை வாங்க மறுத்துவிட்டார். அவள் நிங் ஷூ பக்கம் திரும்பினாள்.

"இதையாவது வாங்கிக்கச் சொல்லுங்க. உங்க பேச்சைத்தானே எல்லாரும் கேக்கறாங்க."

நிங் ஷூ போய்க் கேட்டாள். காவலர் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி கேட்டாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.