இடது மணிக்கட்டு

ரெண்டு மணிக்காரர் கட்டிலருகே முட்டி போட்டு உட்கார்ந்து, என் கணவரின் இடது மணிக்கட்டில் காதை வைத்தார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதைவிட அக்கறையாகக் கேட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓடுதே அண்ணி!"

"வாட்ச்னா ஓடாம உக்காந்து டீயா குடிக்கும்?" என்றேன்.

"நல்லாச் சொன்னீங்க போங்க. இது பேட்டரி வாட்ச்சா? உள்ள அரைவட்டமா ஒரு தகடு இருக்கு. கை ஆடினா அது சுத்தும், அது சுத்தினா சுருள் இறுகும். கை சும்மா கிடந்தா ரெண்டு நாள்கூடத் தாங்காது, நின்னுடும். அண்ணனுக்குக் கை வருது அண்ணி!"

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் என் கணவர் அவரைப் பார்த்த பார்வையை நான் பிடித்துவிட்டேன். நல்ல சேதி கேட்டவர் பார்க்கும் பார்வை இல்லை அது. சபையில் உளறுகிறவனை மேசைக்கடியில் காலால் மிதிப்போமே, அது கண்ணில் இருந்தது.

ரெண்டு மணிக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வலது கையில் சாவி கொடுக்கிற வாட்ச், இடது கையில் ஆட்டோமேட்டிக் என்று இரண்டு கட்டுவதால் அந்தப் பெயர். என் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நின்றுபோன லிஃப்டில் ரெண்டு மணிக்காரர் மாட்டிக்கொண்டபோது என் கணவர்தான் போய்த் திறந்தார். திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மணிக்கட்டுகள். அதன்பிறகு இருவரும் வெளியே வராமல் உள்ளேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம். "சாவி குடுக்கற வாட்ச் நாய் மாதிரி, வேளைக்குச் சோறு வைக்கணும். ஆட்டோமேட்டிக் பூனை. நம்ம மேல கிடந்தாப் போதும், அதுபாட்டுக்கு உறுமிக்கிட்டிருக்கும்" என்பார் என் கணவர். டிவி பார்க்கும்போதும் மணிக்கட்டைச் சும்மா வைக்க மாட்டார், சுழற்றிக்கொண்டே இருப்பார். அந்தக் கைதான் வாதம் வந்து விழுந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் பாதி திரும்பியது, கை மட்டும் வரவில்லை. அப்படியும் வாட்ச் அந்தக் கையில்தான் இருக்க வேண்டும் என்றார். குளிப்பாட்டும்போதும், பயிற்சி கொடுப்பவர் வந்து கையை மடக்கி நீட்டும்போதும் நான் அதைக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு கட்டிவிடுவேன். அந்தக் கையை நான் ஒரு தலையணைமேல் வைத்தால், மறுபடி நான் எடுக்கும்வரை அது அங்கேயே இருக்கும். இருக்கும் என்றுதான் நம்பியிருந்தேன்.

நான் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். இவர் விழுந்ததிலிருந்து சம்பளமில்லாத விடுப்பு. கோணல் தையலை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். அளவுக்கு மீறி நேராக இருக்கிற தையலைத்தான் நான் திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் அது பிரித்துத் தைத்ததாக இருக்கும். அந்த வாரம்தான் மேனேஜர் போன் பண்ணியிருந்தாள். என்னைவிடச் சின்னவள், மரியாதை தெரிந்தவள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. திங்கக்கிழமை வந்தா உங்க மேசை உங்களுக்கு. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க." என் நாத்தனார் பகலில் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இவர்தான், "இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கோயேன், கை வந்துடும்போல இருக்கு" என்றார். நான் மேனேஜரிடம் இன்னும் பதில் சொல்லவில்லை.

ரெண்டு மணிக்காரர் போன பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். தண்ணீர் டம்ளர் நான் வைத்த பக்கத்தில்தான் இருக்கிறதா? செய்தித்தாளை ஒற்றைக் கையால் இவ்வளவு ஒழுங்காக மடிக்க முடியுமா? கை வந்துவிட்டதை மறைக்கிறாரா? மறைத்தால் யாருக்கு லாபம்? நான் சட்டை மாட்டிவிட, பொத்தான் போட்டுவிட, வீட்டிலேயே கிடப்பேன், அவ்வளவுதானே. இருபது வருஷமாக நான் வேலைக்குப் போவதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொன்னதில்லை. அதையும் இப்போது திருப்பிப் பார்த்தேன். அளவுக்கு மீறி நேராக இருந்தது.

முதலில் வாட்ச்சின் மேல் பழி இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். துடைத்துத் தருகிறேன் என்று கழற்றிப் பீரோவில் வைத்தேன். "எங்க அது? எங்க அது?" என்று பச்சைப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் விட்டு அடுத்த நாள் எடுத்துப் பார்த்தால் நின்றிருந்தது. அதன் திருகைச் சுற்றினால் முள்தான் நகரும், சுருள் இறுகாது. அதனால் கையில் பிடித்துக் கொஞ்சம் ஆட்டினேன். விநாடி முள் புறப்பட்டது. நேரத்தைச் சரி செய்து கட்டிவிட்டேன். பயிற்சி கொடுப்பவரும் அந்த வாரம் வரவில்லை. ஆனாலும் வாட்ச் ஓடியது. நாள் போகப் போக நிற்காமல் ஓடியது.

சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். என் கைப்பையில் துணியில் குறி போடுகிற நீலச் சாக்குக்கட்டி ஒன்று எப்போதும் கிடக்கும். வெள்ளை விரிப்பின் மேல் இடது கை நீட்டிக் கிடந்தது. முழங்கையில் தொடங்கி, விரல் விரலாகச் சுற்றி, மறுபக்கம் முழங்கைவரை கோடு போட்டேன். கோட்டை நன்றாகத் தடிப்பாகவே போட்டேன். அவர் மூச்சு மாறவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கடைக்குப் போய், ஒன்றும் வாங்காமல் சுற்றிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது விழித்துப் படுத்திருந்தார். கை கோட்டுக்குள் இருந்தது. ஒரு நூல் இப்படி அப்படி இல்லை. பிரித்துத் தைத்த தையல் மாதிரி அவ்வளவு நேராக இருந்தது. நான் அவர் வலது கையைப் பார்த்தேன். கட்டை விரலிலும் பக்கத்து இரண்டு விரல்களிலும் நீலம் அப்பியிருந்தது.

எனக்குச் சட்டென்று புரிந்தது. நல்ல கையால் செத்த கையைத் தூக்கி ஆட்டியிருக்கிறார். கோட்டையும் பார்த்திருக்கிறார். பார்த்து, எடுத்த சுவடு தெரியாமல் திரும்ப அதற்குள்ளேயே வைத்திருக்கிறார். தொட்டில் ஆட்டுவதுபோல் அவர் அந்தக் கையை ஆட்டுவதை நினைத்துப் பார்த்தேன். அடுத்த நிமிஷமே வேறொன்று வந்து உட்கார்ந்தது. யார் பார்ப்பதற்காக இந்த ஓட்டம்? இன்னும் ஒரு மாதம் என்னை வீட்டில் வைத்துக்கொள்ளவா?

"யாருக்காக ஆட்டறீங்க?" என்றேன்.

அவர் விரிப்பைப் பார்த்தார். "விரிப்புல எதுக்குக் கோடு போட்ட?"

"நான் கேட்டதுக்குச் சொல்லுங்க."

"அதுவும் நின்னுட்டா பயமா இருக்கு." சுவரைப் பார்த்துச் சொன்னார். "வேற ஒண்ணும் இல்ல."

நம்பத் தோன்றியது. ஆனால் இதே குரலில், இதே மாதிரி சுவரைப் பார்த்து அவர் சொன்ன பொய்களும் எனக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டியா?" என்றார்.

"இல்ல."

"சொல்லிடு. இப்பவே போன் பண்ணு. தங்கச்சி வந்து திட்டிக்கிட்டே பாத்துக்குவா. நானும் பொறுத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமாகவா? போனை எடுத்து, மேனேஜர் எண்ணை அழுத்தி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். மறுமுனையில் மணி அடித்தது. துண்டை நனைத்துக்கொண்டு வந்து அவர் வலது கை விரல்களைத் துடைத்தேன். நீலம் துண்டில் இறங்கியது. பிறகு வாட்ச்சை நேராக்குவதற்காக இடது கையைக் கோட்டிலிருந்து தூக்கினேன். எப்போதும்போல ஈரத்துணி மாதிரி கனத்தது. உள்ளே தகடு சரக்கென்று ஒரு சுற்றுச் சுற்றியது.

இடது கட்டை விரலின் நகத்திடுக்கில் நீலம் இருந்தது.

கோட்டுக்குள் திரும்ப வைக்கும்போது உரசியிருக்கலாம். நகத்தின் ஓரத்தில் என்றால் அப்படித்தான். இது இடுக்கில், உள்ளே இருந்தது. அந்த விரலே எதையோ சுரண்டினால்தான் அங்கே போகும். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் இப்போது சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சொல்லுங்கக்கா" என்றாள் மேனேஜர், என் காதில். "வர்றீங்கதானே?"

என் ஒரு கையில் அவர் கை, மறு கையில் துண்டு. பிழியாத துண்டிலிருந்து தண்ணீர் விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த இடத்தில் கோடு மெல்ல அகன்று, விரல்களின் உருவம் கலைந்து, ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருந்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"