மூடியில் இடமில்லாத மூன்று சொற்கள்

"இருபத்தி மூணு."

"போதும்க்கா, நிறுத்து."

"இன்னும் அரையடிகூடத் தோண்டல, அதுக்குள்ள என்ன போதும்? அந்த வாளிய இப்படித் தள்ளு. இருபத்தி நாலு."

"எண்ணி என்ன ஆகப்போகுது?"

"நாளைக்கு எத்தனைன்னு கேப்பாங்கல்ல, சொல்றதுக்கு ஒரு நம்பராவது வேணாமா? இருபத்தஞ்சு. அய்யோ, இதப் பாரேன். இப்பதான் சூப் ஊத்தி மூடின மாதிரி இருக்கு."

அக்கா அந்த மூடியைச் சட்டைக் கையில் துடைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். மண் போன இடத்தில் மூடி கண்ணாடியாகத் தெளிந்தது. விளிம்பைச் சுற்றிப் புடைப்பெழுத்துகள் ஓடின. வட்டம் முடியும் இடத்தில் கடைசிச் சொல் தனியாக நின்றது: மக்கும்.

அந்த விளிம்பில் உள்ளதை எழுதியவள் நான்.

அக்காவுக்குச் சூப்புக் கடை. தையல்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். உட்கார இடம் கிடையாது, வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். 'சூப் அக்கா' என்று ஆரம்பித்த பெயர் பேச்சு வேகத்தில் 'சூப்பக்கா' ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் தெரியாது. சூப்பில் போடும் கீரையையும் இலைகளையும் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பொதுத் தோட்டத்தில்தான் வளர்த்தாள். மொத்தம் பன்னிரண்டு பாத்திகள். ஐந்தாவது அவளுடையது.

அது சும்மா கிடைக்கவில்லை. கேட்டவர்கள் நிறையப் பேர். "என் கடையில விக்கிற கிண்ணம், மூடி எல்லாத்தையும் திரும்ப வாங்கி இங்கயே மண்ணாக்கிக் காட்டறேன்" என்று அக்கா தோட்டக் குழுவிடம் எழுதிக் கொடுத்தாள். அந்த ஒரு வரிக்காகத்தான் பாத்தியைக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர்களிடமும் அதையே சொன்னாள். அலுவலகம் போகிறவர்கள் கிண்ணத்தை மூடியோடு கழுவித் துடைத்து, கைப்பையில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து தந்தார்கள்.

ஒன்றரை வருடம் புதைத்தாள். கிண்ணங்கள் கரும்புச் சக்கையில் செய்தவை. அவை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டன, ஒன்றுகூட மிச்சமில்லை. மூடிகள் எல்லாம் அப்படியே இருந்தன. போன வாரம் பெய்த மழையில் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் பாத்தியில் குளமாக நின்றது. செடிகள் வேர் அழுகிச் சாய்ந்தன. சில மூடிகள் பக்கத்துப் பாத்திக்கு மிதந்து போயின. நாளைக் காலை பத்து மணிக்குக் குழு கூடுகிறது. ஐந்தாம் பாத்தியை அக்காவிடம் விட்டுவைப்பதா, பிடுங்குவதா என்பதுதான் பேச்சு.

"தண்ணி பத்தல," என்றாள் அக்கா, இருபத்தாறாவதை வாளியில் போட்டபடி. "வெயில் காலத்துல நான் ரெண்டு வாரம் படுத்துட்டேன்ல, அப்பதான் கெட்டுப்போச்சு. இல்லன்னா மக்கியிருக்கும்."

வாளியை மட்டும் நகர்த்தினேன்.

உணவுக் கடைகளுக்குக் கிண்ணமும் மூடியும் கரண்டியும் செய்கிற நிறுவனத்தில் எனக்கு வேலை. அவற்றின் மேல் வரும் வாசகங்களை எழுத வேண்டும். புத்தகம் எழுத ஆசைப்பட்டவளுக்கு மூடி கிடைத்தது என்று அக்கா கேலி செய்வாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் பசியோடு கையில் எடுக்கிற ஒரு பொருளின் மேல் என் வாக்கியம் இருக்கிறது, சூடான ஆவி அதன் உட்புறத்தில் படிகிறது, யாரோ ஒருவர் ரயிலில் அதைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார் என்றெல்லாம் நினைத்துக்கொள்வேன். யாரும் படித்திருக்க மாட்டார்கள். அக்கா படித்தாள்.

அந்த மூடி சோளமாவிலிருந்து வந்தது. பார்த்தால் பிளாஸ்டிக் என்றுதான் தோன்றும். அறுபது டிகிரிச் சூட்டில், அதற்கென்றே கட்டிய உரக்கூடத்தில், வாரக்கணக்கில் கிடந்தால்தான் அது கரையும். தோட்டத்து மண்ணின் இளஞ்சூடு அதை ஒன்றும் செய்யாது. பரிசோதனைக் கூடத்திலிருந்து எனக்கு வந்த தாளில் ஒரே வரிதான் இருந்தது: தொழிற்கூட வெப்பத்தில் மட்டும் மக்கும்.

வரி வறட்டுத்தனமாகப் பட்டது. முன்னால் என்னுடைய ஒன்றைச் சேர்த்தேன்: மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்கே திரும்பும்.

அச்சு வெட்டுகிறவர் மூடியின் மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். விளிம்பில் நூலைச் சுற்றி அளந்து காட்டினார்.

"பதினஞ்சு எழுத்து இடிக்குது தங்கச்சி. எதையாவது தூக்கு."

"எழுத்தச் சின்னதாக்க முடியாதாண்ணே?"

"இதுக்கு மேல சின்னதாக்கினா எறும்புதான் படிக்கும். அதோட இந்த 'மட்டும் மக்கும்' இருக்கே, நாலு தடவ வேகமாச் சொல்லிப் பாரு, நாக்கு சுளுக்கிக்கும்."

சொல்லிப் பார்த்தேன். மட்டும் மக்கும், மட்டும் மக்கும். மூன்றாவது தடவையிலேயே உளறிவிட்டேன். இருவரும் சிரித்தோம். சிரித்த வாக்கில் பென்சிலை எடுத்தேன். என் வாக்கியத்தை அடித்திருந்தால் போதும், இடம் தாராளமாகக் கிடைத்திருக்கும். அதை அடிக்க மனம் வரவில்லை. அதன் ஓசை எனக்குப் பிடித்திருந்தது. தொழிற்கூட, வெப்பத்தில், மட்டும். எண்ணிப் பார்த்தேன், சரியாகப் பதினைந்து எழுத்து. அந்த மூன்றின் மேல் கோடு இழுத்தேன். முழு விவரத்தையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்று மேலாளர் சொல்லிக் கையெழுத்திட்டார். பெட்டி அச்சுக்குப் போன நாளில் அவரும் மறந்தார், நானும் மறந்தேன்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் என்னை மக்கு என்றுதான் கூப்பிடுவாள். கணக்குப் பரீட்சையில் நான் வாங்கிய மூன்று மதிப்பெண்ணிலிருந்து வந்த பெயர்.

"மக்கு எழுதின மக்கும்!" என்று போனில் கத்தினாள். "இத நான் வாங்காம வேற யாருடி வாங்குவா?"

மறுவாரமே பழைய மூடிகளை நிறுத்திவிட்டு எங்கள் மூடிக்கு மாறினாள்.

எட்டு மாதம் கழித்து அவள் ஒரு தடவை போனில் கேட்டாள். நான் அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன், அது நன்றாக நினைவிருக்கிறது. கைப்பிடிச் சுவரில் யாரோ பாதி தேநீரோடு கோப்பையை விட்டுப் போயிருந்தார்கள்.

"ஏய் மக்கு, மூடி எத்தனை நாள்ல மண்ணாகும்? தோண்டிப் பாத்தேன், அப்படியே இருக்கே."

அப்போதே சொல்லியிருக்கலாம். அப்போது இரண்டு வாளி மூடிதான் இருந்திருக்கும். சேர்ந்து தோண்டி எடுத்துச் சிரித்துவிட்டுப் போயிருப்போம். "அது மண்ணப் பொறுத்துக்கா," என்றேன். முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் அத்தனை சுலபமாக வாயில் வந்தது. அதற்குப் பிறகு அக்கா மண்புழு வாங்கி விட்டாள். மண்ணுக்குச் சூடு பார்க்கிற கருவி ஒன்றைச் செருகி வைத்தாள். எந்தத் தேதியில் எத்தனை புதைத்தாள் என்று ஒரு நோட்டில் எழுதினாள். இலைச்சருகைப் போட்டு மூடி, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி பாத்திக்குச் சாக்கு போர்த்தினாள்.

"என்ன சூப்பக்கா, அறுவடையா?"

தோட்டச் செயலாளர் கையில் கூடையோடு வந்துகொண்டிருந்தார். அக்கா அவருக்கு வைத்த பெயர் ரூல்தடி. செடிக்குச் செடி இடைவெளியைக்கூட அளவுகோல் வைத்துப் பார்க்கிற மனிதர். ஆறாம் பாத்தி அவருடையது.

"உங்க வீட்டுப் பிள்ளைங்க எங்க பாத்திக்கு விளையாட வந்துடுச்சு. கூட்டிட்டு வந்தேன்." கூடையைக் கவிழ்த்தார். ஏழெட்டு மூடிகள் விழுந்தன. ஒன்றைக் குனிந்து எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வட்டமாகத் திருப்பி வாசித்தார். "மக்கும்னு போட்டிருக்கு. எந்த ஜென்மத்துலன்னு போடலயே?"

"மூடி மேல தப்பில்ல சார்," என்றாள் அக்கா. "என் மேலதான். நான் சரியாத் தண்ணி விடல. நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்லிடறேன்."

"அப்படிச் சொன்னீங்கன்னா பாத்தி போயிடும்மா. வாக்கக் காப்பாத்தலன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. வேற ஏதாவது காரணம் இருந்தா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குக் குடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கும் தலைகுனிவுதான்."

"இல்லாத காரணத்த எங்க சார் போய்த் தேடறது?"

அவர் உதட்டைப் பிதுக்கினார். சாய்ந்து கிடந்த செடி ஒன்றைக் கால் நுனியால் நிமிர்த்திப் பார்த்தார். அது நிற்கவில்லை. போய்விட்டார்.

அக்கா மறுபடி மண்வெட்டியை எடுத்தாள். "இருபத்தேழு," என்றாள்.

"அக்கா."

"சொல்லு."

"தண்ணி காரணம் இல்லக்கா."

"பின்ன? புழுவா?"

"அது இங்க மக்காது. எத்தனை வருஷம் வச்சாலும் மக்காது. அதுக்குன்னு சூடு போடற கூடம் இருக்கு, அங்க மட்டுந்தான் மக்கும்."

"அப்படி ஒண்ணும் போடலயே." மூடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விளிம்பை விரலால் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். "மண்ணுக்கே திரும்பும்னுதானே இருக்கு."

"போட்டிருந்தது. நான்தான் எடுத்தேன். இடம் பத்தல. மூணு வார்த்தை."

"என்ன மூணு வார்த்தை?"

சொன்னேன். கடைசிச் சொல்லுக்கு வந்தபோது குரல் தேய்ந்துவிட்டது. "மட்டும்" என்பதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மூடியைக் கவிழ்த்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். சின்ன வயதில் அவள் திட்டினால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"நான் போன்ல கேட்டேனே," என்றாள். சத்தமே இல்லை.

"ஆமா."

"அப்பவே தெரியுமா?"

"மொதல்லயிருந்தே தெரியும்க்கா."

"நான் இந்தப் புழுங்ககிட்டக்கூடக் கோவிச்சுக்கிட்டேன்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "தின்னுட்டுச் சும்மா கெடக்கீங்களேன்னு திட்டினேன். அந்தத் தையல்காரம்மா மூடிய ரெண்டு தடவ சோப்பு போட்டுக் கழுவிக் கொண்டாந்து தருவாங்க, தெரியுமா? மண்ணுக்குப் போறது சுத்தமாப் போகட்டும்னு."

எனக்குத் தெரியாது. தையல்காரம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. மேசையில் உட்கார்ந்து கோடு இழுத்த அன்று, ரயிலில் மூடியைத் திருப்பித் திருப்பிப் படிக்கும் ஒரு ஆளைக் கற்பனை செய்திருந்தேன். குழாயடியில் நின்று மூடியைக் கழுவும் ஆள் என் கற்பனையில் வரவே இல்லை.

"மன்னிச்சுடுக்கா."

அக்கா எழுந்து, கையிலிருந்த மூடியை வாளியில் போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மக்கு என்று இல்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கும் என் முழுப் பெயரை, ஒரு எழுத்து விடாமல். அவள் வாயிலிருந்து அதைக் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும்? வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஊர்ல எத்தனை கடை இந்த மூடி வாங்குது?"

"நிறைய."

"அவங்க எல்லாரும் புதைக்கிறாங்களா?"

"தெரியலக்கா."

நாளைக்குக் குழுவிடம் இந்த உண்மையைச் சொன்னால் அது கூட்டத்தோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். ரூல்தடி எழுதிக்கொள்வார், எழுதியதை எங்கள் நிறுவனத்துக்கு அனுப்புவார். பென்சில் கோடு விழுந்த அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறது, கீழே என் முதலெழுத்தோடு. அதற்குப் பிறகு எனக்கு அங்கே மேசை இருக்காது. இதெல்லாம் அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே நின்றாள். நகத்திலிருந்த மண் போகவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் சொன்னா, தப்பிக்கக் கத கட்டறான்னுதான் நெனப்பாங்க," என்றாள் கடைசியில். "பத்து மணிக்கு. நீ வந்து, உன் வாயால, அந்த மூணு வார்த்தையையும் அவங்களுக்குச் சொல்றியா?"