மூன்றாம் பக்கத்துக் கட்டம்

பள்ளி விண்ணப்பத்தின் முதல் இரண்டு பக்கங்களும் பெயர், விலாசம், பிறந்த தேதி என்று மளமளவென்று ஓடிவிட்டன. மூன்றாம் பக்கத்தில் வந்து நெரெய்தா அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பக்கம், குழந்தை என்ன இனம் என்று கேட்டது. வெள்ளை, கறுப்பு, ஆசியர் என்று வரிசையாகக் கட்டங்கள். அவற்றுக்கு மேலே, ஹிஸ்பானிக்கா, அதாவது ஸ்பானிஷ் பேசும் வம்சமா என்று தனியாக ஒரு கேள்வி. ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கணவன் டாரெக் கூரையில் ஏறித் தண்ணீர்க் குழாயில் அடைத்திருந்த இலைகளை வாரிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். பத்து வயது மகள் ஹலினா தன் அறையில் வியாழன் கிரகத்தின் நிலாக்களை உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். யாரும் கேட்காமலே செய்துகொண்டிருந்தாள். அதுதான் விஷயம்.

ஓரியன் அறிவியல் பள்ளியைப் பார்க்க அழைத்துப் போனதிலிருந்து இப்படி. அங்கே தலைக்கு மேல் வானத்தைச் சுழற்றிக் காட்டும் குவிமாடம் இருந்தது. கூரையில் தொலைநோக்கி இருந்தது. நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்து பிள்ளைகளை அனுப்பும் மேக்னட் பள்ளி அது. பாதி இடம் நகரத்துப் பிள்ளைகளுக்கு, பாதி புறநகர்ப் பிள்ளைகளுக்கு, எல்லாம் குலுக்கல்தான். கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம் என்று பள்ளிகள் பிரிந்து கிடக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு கட்டியது. இடம் கிடைக்காவிட்டால் ஹலினா அழமாட்டாள். "பரவால்லம்மா" என்பாள். அந்தப் பரவாயில்லையைத்தான் நெரெய்தாவால் தாங்க முடியாது.

பள்ளி நின்ற இடத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பிறந்து வளர்ந்த தெரு. வெல்பரி நகரத்தின் அந்தத் தெருவில் நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்றுதான், நான்கு வருடங்களுக்கு முன் கடன் வாங்கி பிரையர்ஃபீல்டில் இந்த வீட்டுக்கு வந்தார்கள். வந்த மறு வருடமே அங்கே பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் யோசித்தது மெரடித் சொன்னதை. மெரடித் பக்கத்துத் தெரு. கால்பந்து மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுத் துண்டுகள் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "அங்க வெள்ளைப் பிள்ளைங்கதான் குறைச்சல், நெரெய்தா. அவங்களுக்குக் கணக்குக் காட்டணும். உன் பொண்ணு பேரைப் பாரேன், ஹலினா காவ்ரோன். பேரே போதுமே. நீயா எதுக்கு அதைக் கெடுக்கறே?"

நல்ல மனசோடுதான் சொன்னாள். மெரடித்திடம் இருந்த சிக்கலே அதுதான். எதைச் சொன்னாலும் நல்ல மனசோடு சொல்வாள், கையில் ஓர் ஆரஞ்சுத் துண்டையும் வைப்பாள். கோபித்துக்கொள்ள வழியில்லை.

நெரெய்தா 'இல்லை' என்பதை அழுத்தினாள். 'வெள்ளை' என்பதை அழுத்தினாள். பொய் என்று சொல்ல முடியாது, பாதி உண்மை, டாரெக் போலந்துக்காரன்; மறுபாதிதான் ஸ்பானிஷ் பேசும் போர்ட்டோ ரிக்கோக்காரியான அவள். அடுத்த கேள்வி, வீட்டில் பேசும் மொழி எது? செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று போலிஷ் என்று போட்டு அனுப்பிவிட்டாள்.

ஒன்பது மாதம் சுமந்து, பதினெட்டு மணி நேரம் கத்திப் பெற்ற பெண்ணிலிருந்து தன்னை எடுத்துவிட ஒரு விரல் அசைவு போதுமாக இருந்தது. குற்ற உணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அழைக்காத கல்யாணத்தில் வேறு யார் பெயரையோ சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வந்ததுபோல ஒரு கூச்சம் மட்டும் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பச்சைத் துவரை போட்டுச் சோறு செய்தாள், அவளுடைய போர்ட்டோ ரிக்கோ வீட்டுச் சோறு. யாரும் எதுவும் சொல்லாதபோதே, "ஏன், இன்னிக்கு இது செய்யக் கூடாதா?" என்று டாரெக்கிடம் எரிந்து விழுந்தாள். அவன் கரண்டியை வாயில் வைத்தபடி திகைத்தான்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. தபால்பெட்டியிலிருந்து எடுத்தவன் டாரெக். வாசலில் நின்றபடியே பிரித்தான்.

"நெரி! இங்க ஓடி வா! இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. முதல் தடவையா ஒரு ஆபீஸ்லேர்ந்து எனக்குப் போலிஷ்ல லெட்டர் வந்திருக்கு. என்ன சுத்தமான பாஷை! எங்க பள்ளிக்கூட வாத்தியார்கூட இப்படி எழுதமாட்டார்!"

"என்ன எழுதியிருக்கு?"

"இரு, ரசிச்சுப் படிக்கறேன்."

"டாரெக்!"

"ஹலினாவுக்கு இடம் கிடைச்சிருக்கு."

நெரெய்தா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் இரண்டாம் பக்கத்தையும் படித்து முடித்தான். பிறகுதான் அவன் நெற்றி சுருங்கியது.

"ஆமா, நம்ம வீட்ல போலிஷ் பேசறோம்னு இவங்களுக்கு யார் சொன்னா? நான் ஒருத்தன்தான் பேசறேன். அதுவும் சுத்தியல் விரல்ல பட்டாத்தான்."

சொன்னாள். மெரடித்தில் தொடங்கி எல்லாவற்றையும். அவன் முதலில் சிரித்தான். "போலந்துக்காரனா இருந்து எனக்கு இதுவரைக்கும் ஒரு டீ கூட ஓசியில கிடைச்சதில்ல. கடைசியில ஒரு பள்ளிக்கூட சீட்டு!" சிரிப்பு மெல்ல அடங்கியது. "சரி, அப்ப அந்தப் பாரத்துல நீ எங்க இருக்கே?"

"நாலாம் பக்கத்துல. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவங்கன்னு."

அவன் கடிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். "போய் மாத்திடலாமே, நெரி."

"மாத்தினா சீட்டைப் பிடுங்கிட்டா? அவ மூஞ்சியைப் பார்த்து நீ சொல்லுவியா?"

அவன் சொல்லமாட்டான். ஒரு தடவை கூரையிலிருந்து அவன் விழுந்தபோதுகூட, அதை மகளுக்கு அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பதிவுக்குப் போறப்ப நீயே பேசு," என்றாள். "நான் வாயே திறக்கமாட்டேன்."

"பதினாலு வருஷமா இந்த வார்த்தைக்காகக் காத்துட்டிருந்தேன்," என்றான் டாரெக்.

பதிவுக்கு அவள் சனிக்கிழமையாகப் பார்த்து நேரம் வாங்கினாள். அதற்கும் காரணம் இருந்தது. அக்கா இவெலிஸ் அந்தப் பள்ளியின் சமையலறையில் வேலை செய்தாள். இன்னும் அதே பழைய தெருவில்தான் வீடு. சனிக்கிழமை சமையலறை கிடையாது.

அலுவலகத்தில் மிசஸ் டிஸ்டேல் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். கறுப்பினப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். திரையைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார், வாய் நிறையச் சிரித்தார்.

"காவ்ரோன் குடும்பமா, வாங்க வாங்க! உங்களுக்காக ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்," என்று தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்தினார். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் போலிஷில் அன்பாக வணக்கம் சொன்னது. மொழிபெயர்ப்பாளர்.

ஹலினா அம்மாவைப் பார்த்தாள். நெரெய்தா சுவரில் ஒட்டியிருந்த சூரியக் குடும்பத்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவளைப்போல் பார்த்தாள். டாரெக் பேசினான். குரல் பேசியது. டாரெக் நாற்காலியின் விளிம்புக்கு வந்து கைகளை வீசிப் பேசினான். குரல் சிரித்தது.

ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டு மிசஸ் டிஸ்டேல் கேட்டார்: "அம்மைத் தடுப்பூசி போட்டாச்சா, இல்லையா? என்ன சொல்றார்?"

"அதை இன்னும் கேக்கலை, மேடம்," என்று குரல் ஆங்கிலத்துக்கு மாறியது. "இவரும் நானும் ஒரே ஊர். எங்க அண்ணனும் இவரும் ஒரே ஆத்துல நீச்சல் கத்துக்கிட்டாங்களாம்."

"நல்லது. ஊசி போட்டாங்களான்னு ஆத்துலேர்ந்து வெளிய வந்து கேளுங்க."

அப்போதுதான் கதவு திறந்தது. புதிய குடும்பங்களுக்கு மதியச் சாப்பாடு போடுகிறார்கள் என்பதைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போலிஷில் எழுதியிருந்தார்கள். டாரெக் அதைச் சொல்ல மறந்திருந்தான். வலைத் தொப்பியும் கையில் ரொட்டித் தட்டுமாக இவெலிஸ் நின்றாள்.

"நெரி!" ஸ்பானிஷில் அவள் கத்தியதில் மொழிபெயர்ப்பாளரின் குரல்கூட நின்றது. "அடி என் தங்கமே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி! ஹலினா, வாடி என் ராசாத்தி!"

ஹலினா பெரியம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அதே வேகத்தில், அதே ஸ்பானிஷில், தொலைநோக்கியில் தொடங்கி வியாழனின் நான்காவது நிலா வரை ஒரே மூச்சில் கொட்டினாள். மிசஸ் டிஸ்டேல் கண்ணாடியை மூக்கில் ஏற்றித் திரையைப் பார்த்தார். ஹலினாவைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"என் தங்கச்சி பொண்ணு, மிசஸ் டிஸ்டேல்!" என்றாள் இவெலிஸ் ஆங்கிலத்தில். "எங்க அம்மாவோட மூக்கை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா பாருங்க. ஆமா, போன்ல அது என்ன பாஷை?"

ஹலினா எட்டித் திரையைப் படித்தாள்.

"வீட்டு மொழி போலிஷ்," என்று வாசித்தாள். "எனக்குப் போலிஷ்ல மூணு வார்த்தைதான் தெரியும். அதுல ரெண்டைப் பள்ளிக்கூடத்துல சொல்லக் கூடாது." பிறகு இன்னும் கொஞ்சம் கீழே படித்தாள். "ஹிஸ்பானிக், இல்லை." திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "நான் இல்லையாம்மா?"

நெரெய்தாவுக்குக் காது சூடானது. வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தோடேயே பேசத் தொடங்கினாள். "நாந்தாங்க அப்படிப் போட்டேன். அவருக்குத் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. வெள்ளைன்னு போட்டாத்தான் கிடைக்கும்னு சொன்னாங்க. தயவுசெஞ்சு சீட்டைப் பிடுங்கிடாதீங்க. அவளுக்கு நிலா எல்லாம் பேரோட தெரியும்."

மிசஸ் டிஸ்டேல் தொலைபேசியை அணைத்தார். அவருக்குக் கோபமில்லை, பல்வலி வந்தவரைப்போல இருந்தார்.

"யாரும்மா சொன்னா? குலுக்கல் மெஷினுக்கு அந்தக் கட்டம் கண்ணுக்கே தெரியாது. அது பார்க்கறது விலாசத்தை மட்டும்தான். பிரையர்ஃபீல்டுன்னு போட்டீங்கல்ல, அதுக்குக் கிடைச்ச சீட்டு இது. புறநகர் வரிசையில அவ்வளவு கூட்டம் இல்ல. நீங்க செவ்வாய் கிரகத்துக்காரின்னு போட்டிருந்தாலும் கிடைச்சிருக்கும்."

"அப்ப அந்தக் கட்டம் எதுக்கு?"

"எண்ணிக்கைக்கு. அக்டோபர் ஒண்ணாம் தேதி எங்களை எண்ணுவாங்க. நாலுல ஒரு பங்காவது கறுப்பரும் ஹிஸ்பானிக்கும் இல்லாத பிள்ளைங்களா இருக்கணும். மொத்தம் நானூறு பேர். நேத்து சாயங்காலம்தான் சரியா நூறு வந்துது." பெருமூச்சு விட்டார். "உங்க பொண்ணுதான் நூறாவது. கேக் வெட்டினோம்."

"அந்தக் கேக்கா?" என்றாள் இவெலிஸ். "இவளுக்காகவா நான் முட்டை அடிச்சேன்?"

அவள் சிரித்தாள். ஆனால் ரொட்டித் தட்டை மேசைமேல் வைத்தாள், வைத்த பிறகு சிரிப்பு இல்லை. "இந்தத் தெருவை விட்டுப் போனதால இந்தத் தெருப் பள்ளிக்கூடத்துல உனக்கு இடம், நெரி. நான் இங்கதான் சோறு போடறேன். என் பொண்ணு யாரிட்சா வெயிட்டிங் லிஸ்ட்ல இருநூத்திப் பன்னெண்டு. ஜன்னலைத் திறந்தா இந்த மணிச் சத்தம் எங்க படுக்கை வரைக்கும் கேக்குது."

நெரெய்தாவுக்கு அது தெரியாது. ஆறு மாதமாக அக்காவிடம் பள்ளியைப் பற்றி வாய் திறக்காமல் தப்பித்து வந்ததில், அக்கா சொல்ல வந்ததிலிருந்தும் தப்பித்திருக்கிறாள். தன் ரகசியத்தை இவ்வளவு பெரியதாக நினைத்திருந்தாளே, அது ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற அளவுதான். உண்மையில் இடம் வாங்கித் தந்தது அவள் மறைக்கவே நினைக்காத ஒன்று, முதல் பக்கத்தில் அவ்வளவு வேகமாகத் தட்டிய அந்த ஊர்ப் பெயர்.

"அக்கா," என்றாள்.

"போடி. பிள்ளை முன்னாடி அழாதே. அவ என்ன பண்ணுவா." இவெலிஸ் ஒரு ரொட்டியை எடுத்து ஹலினாவின் கையில் திணித்தாள்.

மிசஸ் டிஸ்டேல் தொண்டையைச் செருமினார். "நான் எதுவும் சொல்லக் கூடாது, அது என் வேலை இல்ல. மாத்தினாலும் சீட்டு உங்களுக்குத்தான். மாத்தாட்டியும் உங்களுக்குத்தான்." சற்று நிறுத்தி, கூரையைப் பார்த்துச் சொன்னார்: "மாத்தாட்டி எனக்கு நூறு."

இப்போது மாற்றுவதால் யாருக்கும் லாபமில்லை என்பதை நெரெய்தா கவனித்தாள். பள்ளிக்கு ஒன்று குறையும். யாரிட்சாவின் எண் அசையாது. ஹலினாவுக்கு ரொட்டி. நெரெய்தாவுக்கு மட்டும்தான், ஒரு பாரத்தின் மூன்றாம் பக்கத்தில், தன் பெண்ணுக்குத் தான் அம்மா.

"மாத்திடுங்க," என்றாள்.

மிசஸ் டிஸ்டேல் தட்டினார். "தொண்ணூத்தொம்போது," என்றார் துக்கம் விசாரிக்கிற குரலில்.

"வேணும்னா என்னைச் சேர்த்துக்குங்க," என்றான் டாரெக். "எனக்கு ஆறாங்கிளாஸ் கணக்கு இன்னும் பாக்கி இருக்கு."

"விளையாடாதீங்க, சார். செப்டம்பர் கடைசியில நானே கூப்பிட்டாலும் கூப்பிடுவேன்." ஒரு தாளை நெரெய்தாவிடம் நீட்டினார். "திருத்தத்துக்கான காரணம். ஒரு வரிதான், கதை எழுத இடம் இல்ல."

நெரெய்தா பேனாவை வாங்கினாள். ஹலினா ரொட்டியை மென்றபடி அவள் தோளில் சாய்ந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெரெய்தா அதை மறைக்கவில்லை. 'பயந்துவிட்டேன்' என்று எழுதினாள்.

மிசஸ் டிஸ்டேல் அதைப் படித்தார். திரையில் எண் போட்ட காரணங்களின் பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டினார், கீழிருந்து மேலே ஓட்டினார்.

"இதுக்கு என்கிட்ட நம்பர் இல்லையே. கைத்தவறுன்னு போட்டுக்கறேன்."

"கைத்தவறு இல்லைங்க," என்றாள் நெரெய்தா.

"தெரியும்மா," என்றார் அவர், தட்டிக்கொண்டே. "ஜனவரியில டிக் போடறாங்க, மே மாசம் வந்து எடுக்கறாங்க. முன்ன நான் இருந்த பள்ளிக்கூடத்தையும் சேர்த்து, பன்னெண்டு வருஷமா எல்லாருக்கும் கை தவறிட்டுத்தான் இருக்கு. தடுப்பூசிச் சீட்டைக் கொடுங்க."